மணமும் மருந்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில், ஒன்றற்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று திருவில்லிபுத்தூர், மற்றொன்று இராசபாளையம். தமிழ்நாட்டரசின் முத்திரையில் விளங்கும் கோபுரத்தைத் தன்னகத்தே கொண்டது முன்னது. நூற்பாலைகளால் பெயர் பெற்றது பின்னது. இவ்விரண்டு ஊர்களின் மக்களும் மேற்கே நோக்குங்கால், நீல நிறங்கொண்டு நெடிது கிடக்கும் மலைத்தொடரைக் காண்பர். அம்மலை அவர்களுக்கு நீரைத் தருகின்றது. அதனோடு மணத்தையும் மருந்தையும் தருகின்றது.

பெரியாழ்வார் தம் நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார் என்றும், அம்மகவே ஆண்டாள் என்றும் வழிவழியாகக் கூறுவர். ஆகவே, திருவில்லிபுத்தூரின் பெருமையே ஒரு மூலிகைச் செடியின் நிழலில் தொடங்குகின்றது எனலாம். துளசியின் மணத்தை அறியாத தமிழர் இலர். ஆயினும், அம்மணம் எப்பொருளால் ஆயது? அஃது இலையில் எங்கே தங்கியுள்ளது? நோய் செய்யும் நுண்ணுயிர்களை அது கொல்லுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது வேதியியலின் கடனாகும்.

மலையும் மூலிகையும்

இம்மலைப்பகுதியில் அடிவாரத்தே முட்புதர்களும், அதற்கு மேல் இலையுதிர் காடுகளும், உயர்ந்த இடங்களில் பசுமை மாறாக் காடுகளும் உள்ளன. உயரம் மாறுந்தோறும் மழையும் வெப்பமும் மாறுகின்றன. அவை மாறுந்தோறும் செடிகொடிகளும் மாறுகின்றன. எனவே, குறுகிய பரப்பிற்குள்ளேயே எண்ணிறந்த மூலிகைகளை ஈண்டுக் காணலாம். மூலிகைகளுக்குப் பெயர் பெற்ற சதுரகிரியும் இத்தொடரைச் சார்ந்ததே. அரிய நரை அணிலைக் காக்கும் பொருட்டு 1988ஆம் ஆண்டில் இக்காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் மேகமலையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று.

மணம் வீசும் செடிகளை நாடி மலையுச்சிக்கு ஏற வேண்டுவதில்லை. ஓடைக்கரையில் நொச்சி தழைத்து நிற்கும். வழியோரத்தில் நாய்த்துளசியும் பேய்மிரட்டியும் முளைத்திருக்கும். புதர்களிடையே குருந்தும் வில்வமும் காணப்படும். இவற்றின் இலையைக் கசக்கி முகர்ந்தால், ஒவ்வொன்றும் தனக்கே உரிய மணத்தை வெளிப்படுத்தும்.

இச்செடிகளின் பயனை முதலில் கண்டவர் ஆய்வுக்கூடத்து அறிஞர் அல்லர். செண்பகத்தோப்பு முதலிய அடிவாரக் குடியிருப்புகளில் வாழும் பளியர்கள், தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் காட்டோடு ஒன்றி வாழ்ந்தவர்கள். இலையின் வடிவாலும் மணத்தாலும் மூலிகையை இனங்காண வல்லவர்கள். சமவெளியில் வாழும் உழவர்களும் இவ்வறிவு உடையவர்களே. தானியக் குதிரில் நொச்சியிலையை இட்டு வைத்தனர். வண்டு அணுகாது என்பது அவர்தம் பட்டறிவு. சளி பிடித்தவனுக்கு நொச்சியிலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் செய்தனர். மாலைப்பொழுதில் நொச்சிப் புகை மூட்டிக் கொசுவை ஓட்டினர். இச்செயல்கள் யாவற்றினும் ஓர் உண்மை பொதுவாக அமைந்துள்ளது. இலையிலுள்ள ஏதோ ஒரு பொருள் காற்றில் கலந்து சென்று செயல்படுகின்றது என்பதே அவ்வுண்மை. அப்பொருளே நறுமண எண்ணெய் ஆகும்.

மணம் தங்கும் இடம்

நல்லெண்ணெயும் நறுமண எண்ணெயும் பெயரளவில் ஒன்றுபோல் தோன்றினும், இயல்பில் வேறானவை. நல்லெண்ணெய்த் துளியொன்றைத் தாளின்மீது இட்டால், அதன் கறை நெடுநாள் நிற்கும். எலுமிச்சைப் புல் தைலத்தின் துளியை இட்டாலோ, அது சிறிது நேரத்தில் ஆவியாய் மறைந்துவிடும். முன்னது கொழுப்பு, பின்னது கொழுப்பன்று. எளிதில் ஆவியாகும் இயல்பினாலேயே அது மூக்கை எட்டுகின்றது, மணமாக உணரப்படுகின்றது.

இவ்வெண்ணெய் இலை முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. துளசி, நாய்த்துளசி முதலியவற்றின் இலைமேல் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உள்ளன. அவற்றின் நுனியில் மெல்லிய தோலால் மூடப்பட்ட சிறு பைபோன்ற இடத்தில் எண்ணெய் தேங்கியிருக்கும். விரல் பட்ட அளவிலே அத்தோல் கிழியும், மணம் எழும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை. அவற்றின் எண்ணெய்ப் பைகள் இலையின் உள்ளே அமைந்துள்ளன. ஓர் எலுமிச்சை இலையைப் பறித்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், ஊசி முனையளவான ஒளிப்புள்ளிகள் பல தோன்றும். அவையே எண்ணெய்ப் பைகள்.

செடி இவ்வளவு முயன்று எண்ணெயைச் சேர்த்து வைப்பது எதற்காக? மனிதன் முகர்ந்து மகிழ்வதற்காக அன்று. செடிக்கு ஓடி ஒளியக் கால்கள் இல்லை. அதனைத் தின்ன வரும் பூச்சிகளும், அதன்மேல் படியும் பூஞ்சணங்களும், அதனுள் புகும் நுண்ணுயிர்களும் பல. அவற்றை எதிர்க்க அது கொண்ட படைக்கலங்களுள் ஒன்று இந்த எண்ணெய். பூவின் மணம் வண்டை அழைக்கும். இலையின் மணம் பெரும்பாலும் பகையை விலக்கும். செடி தன்னைக் காத்துக் கொள்ளத் தேடிய பொருளையே மனிதன் தனக்கு மருந்தாகக் கொண்டான்.

வாலையில் வடித்தல்

நறுமண எண்ணெயை இலையினின்றும் பிரிப்பதற்கு உரிய பழைய முறை வாலையில் வடித்தலாகும். சித்த மருத்துவர் இதனை நன்கு அறிவர். வடநாட்டில் கன்னோசி நகரத்தார், செப்புக் கலத்தில் மலரை இட்டு, மூங்கிற் குழாய் பொருத்தி, அத்தர் வடித்து வந்தனர். தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தையின் வயிற்று வலிக்குக் கொடுத்து வந்த ஓமத் திராவகமும் இவ்வாறு வடித்துப் பெற்ற நீரே.

இம்முறையில் ஒரு நுட்பம் உள்ளது. நறுமண எண்ணெயின் பகுதிப்பொருள்கள் பல, 150 முதல் 300 டிகிரி வரை சூடேற்றினாலன்றித் தனியே கொதிப்பதில்லை. அத்துணை வெப்பத்தில் அவற்றுட் சில சிதைந்தும் போகும். ஆனால், எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆதலின், இரண்டும் ஒரே கலத்தில் சூடேறும்பொழுது, ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தருகின்றது. இரண்டழுத்தங்களும் கூடிக் காற்றழுத்தத்திற்கு ஒப்பானவுடன் கலவை கொதிக்கத் தொடங்குகின்றது. இது 100 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே நிகழும். நீராவி, தான் போகும்போது எண்ணெயாவியையும் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றது எனலாம். பின்னர்க் குளிர்ந்த குழாயில் இரண்டும் நீர்மமாகின்றன; கலத்தில் வெவ்வேறு அடுக்குகளாய்ப் பிரிந்து நிற்கின்றன. எலுமிச்சைப் புல் தைலம் நீரில் மிதக்கும்; கிராம்புத் தைலம் நீரில் அமிழும்.

கிடைக்கும் எண்ணெயின் அளவோ மிகச் சிறிது. நூறு கிலோகிராம் பச்சைப் புல்லை வடித்தாலும், பெறுவது பெரும்பாலும் அரைக் கிலோகிராமைத் தாண்டாது. ஆய்வுக்கூடங்களில் இதற்கெனக் கண்ணாடிக் கருவியொன்று உள்ளது. கிளெவெஞ்சர் என்னும் அமெரிக்க அறிஞர் 1928ஆம் ஆண்டில் அமைத்த அக்கருவி, ஒரு கைப்பிடி இலையிலிருந்து கிடைக்கும் சில துளிகளையும் அளந்து காட்டும். இன்றும் கல்லூரி மாணவர் அதனையே கையாள்கின்றனர்.

மணத்தின் அமைப்பு

ஒரு செடியின் எண்ணெய் தனிப்பொருள் அன்று. பல பொருள்களின் கலவை. சிலவற்றில் பத்துப் பொருள்கள் இருக்கும். சிலவற்றில் நூற்றுக்கு மேலும் இருக்கும். இக்கலவைகளின் சிக்கலைக் கண்டு வேதியியலார் நெடுங்காலம் மலைத்து நின்றனர்.

1880க்குப் பின்னர், ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ வாலக் என்பவர் இப்பணியை மேற்கொண்டார். அங்கே ஓர் அலமாரியில் நறுமண எண்ணெய்க் குப்பிகள் தீண்டுவாரற்றுக் கிடந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வடித்துத் தூய்மை செய்து ஆராய்ந்தார். வெவ்வேறு செடிகளின் பெயரால் வெவ்வேறாகக் கருதப்பட்ட பொருள்கள் பலவும், உண்மையில் ஒரு சில பொருள்களே என்று கண்டார். பொறுமையோடு செய்த இவ்வாராய்ச்சி அவருக்கு 1910ஆம் ஆண்டில் நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

இப்பொருள்களுட் பெரும்பாலானவை டெர்பீன்கள் எனப்படும் குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றின் அமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. ஐசோப்ரீன் என்பது 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. அதனையொத்த துண்டுகள் இரண்டு சேர்ந்த அமைப்பில் 10 கார்பன் அணுக்கள் இருக்கும். மூன்று சேர்ந்ததில் 15 இருக்கும். ஒரே அச்சில் வார்த்த செங்கற்களை வெவ்வேறு வகையாக அடுக்கி மாடமும் மண்டபமும் கட்டுதல் போல, இயற்கை இத்துண்டுகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களை ஆக்குகின்றது. எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீனும், ஊசியிலை மரத்தின் பிசினிலுள்ள பைனீனும் 10 கார்பனும் 16 ஹைட்ரஜனும் கொண்டவையே. எண்ணிக்கை ஒன்று, அடுக்கு வேறு, ஆதலின் மணமும் வேறு.

துளசியின் மணத்திற்குப் பெரிதும் காரணமானது யூஜினால். கிராம்பின் மணமும் இதனாலேயே அமைவது. இது டெர்பீன் குடும்பத்தைச் சாராது. வளையமாய் அமைந்த 6 கார்பன் அணுக்களை அடிப்படையாகக் கொண்ட வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. ஓமத்தில் உள்ளது தைமால். கற்பூரவல்லியில் தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும் காணப்படுகின்றன. எலுமிச்சைப் புல்லில் உள்ளது சிட்ரால். நீலகிரித் தைலத்தில் மிகுந்திருப்பது சினியோல். ஒரே இனச் செடியிலும் இவ்வளவுகள் எங்கும் ஒன்றாக இரா. ஓரிடத்துத் துளசியில் யூஜினால் மிகும். மற்றோரிடத்துத் துளசியில் மெத்தில் யூஜினால் மிகும். மண், மழை, பருவம், பறித்த வேளை, செடியின் வழிமுறை ஆகிய யாவும் எண்ணெயின் இயல்பை மாற்றவல்லன. ஆகவே, எந்த இலையை, எங்கே, எப்பொழுது பறித்தனர் என்று குறித்து வையாத ஆராய்ச்சி நிறைவுடைய ஆராய்ச்சியாகாது.

சென்னையில் ஓர் அறிஞர்

இத்துறையின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு சிறப்பிடம் உண்டு. ஜான் லயனல் சைமன்சன் என்னும் ஆங்கில வேதியியலார், 1910ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அங்கு ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பணி புரிந்தார். இந்நாட்டு மரஞ்செடிகளின் நறுமண எண்ணெய்களைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். இமயமலைச் சாரலில் வளரும் ஊசியிலை மரத்தின் பிசினெண்ணெயிலிருந்து காரீன் என்னும் புதிய டெர்பீனை 1920ஆம் ஆண்டில் கண்டறிந்தார். டெர்பீன்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், இத்துறையினர்க்கு நெடுங்காலம் வழிகாட்டியாய் விளங்கிற்று. 1914ஆம் ஆண்டில் முதற்கூட்டம் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டைத் தோற்றுவித்த இருவருள் அவரும் ஒருவர்.

நம் காட்டுச் செடிகளின் செல்வத்தை உணர்ந்த அயல்நாட்டார், விதையையும் பட்டையையும் கப்பலேற்றிக் கொண்டுபோய், மருந்தாக்கித் திரும்ப விற்ற காலமும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்னர், இந்திய ஓமம் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது. அந்நாளில் கொக்கிப்புழு நோய்க்குத் தைமால் சிறந்த மருந்தாகக் கருதப்பட்டது. விளைவிப்பவன் ஏழையாகவும் வடிப்பவன் செல்வனாகவும் இருத்தல் அறிவு குறைந்த நாட்டின் நிலை. அந்நிலையை மாற்றும் நோக்கத்தோடு, விடுதலைக்குப் பின்னர் 1959ஆம் ஆண்டில் மருந்துச் செடிகளுக்கும் மணச் செடிகளுக்குமென ஒரு நடுவண் நிறுவனம் அமைக்கப்பட்டது. இலக்னோவில் உள்ள அந்நிறுவனம் இன்றும் இப்பணியைச் செய்து வருகின்றது.

நுண்ணுயிரோடு எதிர்ப்பு

நோய்களுட் பல கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களால் விளைகின்றன என்பதைப் பாஸ்டர், காக் முதலிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டினர். பாஸ்டரின் உடனுழைப்பாளர்களுள் ஒருவரான ஷாம்பர்லான், 1887ஆம் ஆண்டிலேயே நறுமண எண்ணெய்கள் நுண்ணுயிர்களை எதிர்க்கும் திறத்தை ஆராய்ந்தார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், பீனால் என்னும் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவிப் பல உயிர்களைக் காத்திருந்தார். ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜினாலும் அந்தப் பீனாலின் உறவினரே. லிஸ்டரின் குப்பியில் இருந்ததற்கு உறவான பொருள் நம் அடுக்களை அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தது.

இவ்வெண்ணெய் நுண்ணுயிரை எவ்வாறு தாக்குகின்றது? ஒவ்வொரு நுண்ணுயிரும் மெல்லிய சவ்வால் சூழப்பட்டது. கோட்டைக்கு மதில் போன்றது அது. வேண்டுவனவற்றை உள்ளே விடுவதும், வேண்டாதனவற்றைப் புறத்தே நிறுத்துவதும் அதன் தொழில். அச்சவ்வு கொழுப்புத் தன்மை உடையது. நறுமண எண்ணெயின் மூலக்கூறுகள் நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுவன. ஆதலின், அவை சவ்வினுள் நுழைந்து அதன் அடுக்கைக் குலைக்கின்றன. மதிலில் விரிசல் காண்கின்றது. உள்ளிருக்கும் பொட்டாசியமும் பிற உயிர்ப்பொருள்களும் வெளியே ஒழுகுகின்றன. நுண்ணுயிர் வலுவிழந்து மடிகின்றது.

எல்லா எண்ணெய்களும் ஒரே வலிமை உடையன அல்ல. தைமால், கார்வக்ரால், யூஜினால் ஆகியவை பொதுவாக வலிமை மிக்கவை. சிட்ராலும் வலியதே. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட லிமோனீன், பைனீன் முதலியவை பெரும்பாலும் வலி குறைந்தவை. எதிரிகளும் ஒரு தன்மையர் அல்லர். 1884ஆம் ஆண்டில் கிராம் என்னும் டென்மார்க்கு நாட்டு மருத்துவர், ஒருவகைச் சாயமேற்றி நுண்ணுயிர்களை இரு பிரிவாகப் பகுத்தார். சாயத்தை ஏற்று நிற்பவை ஒரு பிரிவு. ஏலாதவை மற்றொரு பிரிவு. இரண்டாம் பிரிவினவற்றுக்குச் சவ்வுக்குப் புறத்தே மற்றுமோர் உறை உண்டு. இரட்டை மதில் சூழ்ந்த அக்கோட்டையை எண்ணெய் எளிதில் பிளப்பதில்லை. சீழ்ப்புண்ணுக்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் முதற்பிரிவைச் சார்ந்தது. தீப்புண்ணிலும் மருத்துவமனைகளிலும் தொல்லை தரும் சூடோமோனாஸ் இரண்டாம் பிரிவைச் சார்ந்தது; எண்ணெய்களுக்கு எளிதில் அடங்காதது.

தட்டில் செய்யும் சோதனை

எண்ணெயின் திறத்தை அளப்பதற்கு உரிய சோதனை எளியது; ஆனால் கவனத்தோடு செய்யத்தக்கது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்னும் பொருளை நீரில் கரைத்து, நுண்ணுயிர்க்கு வேண்டிய ஊட்டத்தைச் சேர்த்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையச் செய்வர். இந்த அகாரை ஆய்வுக்கூடத்திற்கு அறிமுகம் செய்தவர், காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஓர் அறிஞரின் மனைவியான பேனி ஹெஸ் என்னும் அம்மையார். அடுக்களையில் இனிப்புப் பண்டம் உறைவதற்குத் தாம் பயன்படுத்திய பொருளையே அவர் எடுத்துக் கூறினார். அடுக்களை அறிவு ஆய்வுக்கூடத்திற்கு உதவிய வரலாறு இங்கும் காணப்படுகின்றது.

உறைந்த தட்டின்மீது நுண்ணுயிரை ஒரு சீராகப் பரப்புவர். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வடிதாள் வட்டுகளை எண்ணெயில் நனைத்து அதன்மீது வைப்பர். பின்னர் 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒருநாள் வைத்திருந்து நோக்குவர். தட்டெங்கும் நுண்ணுயிர் வெண்படலமாய்ப் படர்ந்திருக்கும். எண்ணெய்க்குத் திறமிருப்பின், வட்டைச் சுற்றிப் படலமற்ற தெளிந்த வளையம் தோன்றும். வளையத்தின் அகலத்தை அளந்து குறிப்பர். எண்ணெயே இல்லாத வட்டொன்றையும், அறிந்த மருந்திட்ட வட்டொன்றையும் அதே தட்டில் வைத்தல் வேண்டும். ஒப்பிட்டு நோக்க அளவுகோல் இன்றேல் வளையத்திற்குப் பொருளில்லை.

வளையம் மட்டும் போதாது. எண்ணெய் நீரில் எளிதில் பரவாது ஆதலின், வலிய எண்ணெயும் சிறு வளையமே காட்டக்கூடும். எனவே, எண்ணெயைப் படிப்படியாக நீர்த்து, எந்தக் குறைந்த அளவில் நுண்ணுயிரின் வளர்ச்சி நிற்கின்றது என்றும் காண்பர். அவ்வளவே எண்ணெயின் உண்மையான வலிமையைக் காட்டும்.

தட்டும் உடலும்

தட்டில் வென்றது உடலிலும் வெல்லும் என்று கருதுதல் பிழை. தட்டில் நுண்ணுயிர் மட்டுமே உள்ளது. உடலிலோ நுண்ணுயிரோடு மனிதனின் உயிரணுக்களும் உள்ளன. அவற்றுக்கும் கொழுப்புச் சவ்வு உண்டு. நுண்ணுயிரின் மதிலைப் பிளக்கும் எண்ணெய், அளவு மிஞ்சினால் உயிரணுவின் மதிலையும் பிளக்கும். கிராம்புத் தைலத்தைக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் ஈரல் கேடுறும். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்புத் தோன்றும். உயிருக்கும் இறுதி நேரலாம். நீலகிரித் தைலமும் உட்கொள்ளத் தக்கதன்று. இயற்கையில் விளைந்தது என்னும் ஒன்றே ஒரு பொருளுக்குத் தீங்கின்மைச் சான்றாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கு முழுதும் பொருந்தும்.

வசம்பின் செய்தி இதற்கு மற்றொரு சான்று. பிள்ளை பெற்ற வீடுகளில் வசம்பு இல்லாத வீடு இல்லை என்னும்படி அது வழங்கி வந்தது. அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் விளைவித்தது என ஆராய்ச்சியில் தெரிந்தது. அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டில் வசம்பை உணவில் சேர்த்தலாகாது எனத் தடுத்தது. முன்னோர் அறிவைப் போற்றுதல் வேண்டும். போற்றுதலோடு சோதித்தும் காணுதல் வேண்டும். சோதனைக்கு அஞ்சும் அறிவு அறிவாகாது. சோதியாமலே இகழ்வதும் அறிவாகாது.

இரண்டையும் முறையாகச் செய்தவர்க்குக் கிடைத்த பயன் பெரிது. மலேரியாவுக்குப் பழைய மருந்துகள் பயன்படாது போன காலத்தில், சீன நாட்டுத் தூ யூயூ அம்மையார் பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்தார். மரிக்கொழுந்தின் இனத்தைச் சார்ந்த ஒரு செடி காய்ச்சலுக்கு உரியது என அவற்றில் கண்டார். இலையைக் கொதிக்க வைத்தபொழுது மருந்தின் திறம் கெட்டது. குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு ஒரு பழைய நூல் கூறியதை நினைவு கூர்ந்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாற்றைப் பிரித்தார். 1972ஆம் ஆண்டில் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. அதுவும் 15 கார்பன் அணுக்கள் கொண்ட டெர்பீன் குடும்பத்துப் பொருளே. பல இலட்சம் உயிர்களைக் காத்த இப்பணிக்காக அவர் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இத்தகைய தேட்டம் இன்று முன்னினும் இன்றியமையாதது. 1928ஆம் ஆண்டில் பிளெமிங் பெனிசிலினைக் கண்டபின், நுண்ணுயிர் நோய்களை மனிதன் வென்றுவிட்டான் என்றே உலகம் எண்ணியது. ஆனால், முறையின்றி மருந்துண்டமையால், நுண்ணுயிர்கள் அம்மருந்துகளை எதிர்த்து வாழக் கற்றுக்கொண்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகெங்கும் ஏறத்தாழ 12,70,000 பேர் நேரடியாக மாண்டனர் என அறிஞர் கணித்துள்ளனர். புதிய மருந்துகள் வேண்டும். பழைய மருந்துகளுக்குத் துணை செய்யும் பொருள்களும் வேண்டும். அவற்றுட் சில காட்டுச் செடிகளின் இலையிலும் இருத்தல் கூடும்.

காட்டிற்குச் செய்யும் கடன்

மருந்து தேடுவோர் காட்டை அழித்தல், பால் வேண்டிப் பசுவைக் கொல்வதை ஒக்கும். இலையைப் பறித்தால் செடி மீண்டும் தளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் குலமே அழியும். அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி நம் காடுகளில் அடர்ந்து பரவி, உள்நாட்டுச் செடிகளின் இடத்தைக் கவர்ந்து வருகின்றது. புகலிடக் காட்டில் இசைவின்றிச் செடி பறித்தல் குற்றமாகும். ஆராய்ச்சிக்கும் வாணிகத்திற்கும் வேண்டும் மூலிகைகளை வயலில் பயிரிட்டுக் கொள்ளுதலே முறை. எலுமிச்சைப் புல்லும் துளசியும் கற்பூரவல்லியும் வீட்டுத் தோட்டத்திலேயே செழித்து வளர்வன.

காட்டறிவைத் தந்தவர்களுக்கும் கடன் உண்டு. இதே மலைத்தொடரின் தென்பகுதியில், பொதியமலைச் சாரலில், 1987ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்குச் சென்ற கேரள அறிஞர்களுக்குக் காணிப் பழங்குடியினர் வழிகாட்டினர். சோர்வின்றி நடந்த அவர்கள் இடையிடையே ஒரு செடியின் காயைத் தின்பதை அறிஞர்கள் கண்டனர். அச்செடியிலிருந்து பின்னர் ஒரு மருந்து ஆக்கப்பட்டது. அதனால் வந்த ஊதியத்தில் ஒரு பங்கு காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. வழிகாட்டியவர்க்கும் பங்குண்டு என்னும் இந்நெறியை, 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியதாக்கியது.

திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் பயிலும் மாணவர்க்கு மேற்கு மலை திறந்து வைத்த நூலாக நிற்கின்றது. அதனைப் பளியர் ஒருவகையாய்ப் படித்தனர். உழவர் ஒருவகையாய்ப் படித்தனர். வேதியியலார் மற்றொரு வகையாய்ப் படிக்கின்றனர். இன்னும் படிக்கப்படாத ஏடுகள் பல உள. அவை கிழிந்து போகாமல் காப்பதும், பொறுமையோடு படித்து உலகிற்குப் பயன்படச் செய்வதும் வளரும் தலைமுறையின் கடமையாகும்.

பயிற்சி

1. நல்லெண்ணெய்க்கும் நறுமண எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு அறியலாம்?
2. நீராவியால் வடிக்கும்பொழுது எண்ணெய் 100 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாவது ஏன்?
3. ஒரே எண்ணிக்கையில் அணுக்களைக் கொண்ட இரு பொருள்கள் வெவ்வேறு மணம் உடையனவாய் இருத்தல் எவ்வாறு?
4. நறுமண எண்ணெய் நுண்ணுயிரைத் தாக்கும் முறையைக் கோட்டை மதிலோடு ஒப்பிட்டு எழுதுக.
5. “தட்டில் வென்றது உடலிலும் வெல்லும் என்று கருதுதல் பிழை.” சான்றுகள் தந்து விளக்குக.
6. உங்கள் ஊரில் மணம் வீசும் செடிகள் ஐந்தின் பெயரும் பயனும் முதியோரிடம் கேட்டு எழுதுக.